ரூம் பாக்ஸ்: விளக்கு அணையப்போகும் நாளை மனதில் வைத்துக் கட்டுவது

ரூம் பாக்ஸை, அதாவது ஓர் அறையை மட்டும் மினியேச்சராகக் காட்டும் கண்ணாடி முகப்புப் பெட்டியைக் கட்டி, சுவர்த்தாள் ஒட்டி, சாமான்களை அடுக்கி, கண்ணாடியும் போட்டு மூடியபிறகு ஒரு சுவர்விளக்கு மட்டும் அணைந்துபோகும். எல்லாருக்கும் நடப்பதுதான். எல்இடி பல்லாயிரம் மணி நேரம் எரியும் என்கிறார்கள், சரிதான். ஆனால் பழுதாவது பெரும்பாலும் எல்இடி இல்லை. அதிலிருந்து வரும் தலைமுடி மொத்த ஒயர் அறுந்திருக்கும், ஈயம் சரியாகப் பிடிக்காமல் இணைப்பு விட்டிருக்கும், துளையின் விளிம்பில் உராய்ந்து ஒயரின் காப்பு உரிந்திருக்கும். அந்த ஒயர் சுவர்த்தாளுக்கு அடியில் ஓடினால் சுவரையே கிழிக்க வேண்டியதுதான். நேராகப் பின்பக்கம் வெளியே வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கீழே வரும் அளவுகள் எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்: எந்த விளக்கையும் அறையைத் தொடாமல் பின்னாலிருந்தே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஒயரைச் சுவருக்குள் புதைத்து அழகாக முடிக்கும் முறைகள் நிறைய உண்டு. செம்புப் பட்டையைச் சுவரில் ஒட்டி அதன்மேல் தாள் ஒட்டுவது அவற்றில் பிரபலமானது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெட்டிக்குள் பெட்டி

அளவு 1:12 என்றே வைத்துக்கொள்வோம். நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். மெட்ரிக்கில் கணக்குப் போடுபவர்கள் எல்லாவற்றையும் 12ஆல் வகுத்தால் போதும். 210 செ.மீ. கதவு 175 மி.மீ. ஆகும். 75 செ.மீ. மேசை 62.5 மி.மீ., 45 செ.மீ. நாற்காலி இருக்கை 37.5 மி.மீ. 1:24இல் விளக்கு வேலை இரண்டு மடங்கு கஷ்டம். முதல் பெட்டிக்கு அது வேண்டாம்.

அறை ஒரு பெட்டி, அதைச் சுமக்கும் உறை இன்னொரு பெட்டி. அறை தனியாகப் பின்பக்கம் வழியே உருவி எடுக்க வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் விளக்குகளின் இடம். சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள தோர்ன் அறைகளைப் படங்களிலாவது பார்த்தவர்களுக்கு இது புரியும். 1930களில் நார்சிசா தோர்ன் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தவை, மொத்தம் 68 அறைகள், பெரும்பாலும் இதே 1:12 அளவு. அந்த அறைகளை உயிரோடு காட்டுவது ஜன்னலுக்கு வெளியே இருந்து விழும் வெளிச்சமும், கதவிடுக்கில் தெரியும் பக்கத்து அறையும், தோட்டத்தின் ஒரு மூலையும்தான். வெளிச்சத்துக்கு வெளியே இடம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

உதாரணத்துக்கு ஓர் அறை: உள் அகலம் 360, ஆழம் 260, உயரம் 240 மி.மீ. தரை 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), சுவரும் கூரையும் 4 மி.மீ. பிளைவுட். சுவர்கள் தரையின் மேல் நிற்கின்றன. பின்சுவர் இரண்டு பக்கச்சுவர்களுக்கு நடுவே உட்காருகிறது. அப்படியானால் வெட்ட வேண்டியவை: தரை 368×264, பக்கச்சுவர் இரண்டு 264×240, பின்சுவர் 360×240, கூரை 368×264.

உறைக்கு 9 மி.மீ. எம்டிஎஃப். ஜன்னல் இருக்கும் பக்கம் 50 மி.மீ., எதிர்ப்பக்கம் 25, பின்னால் 40, மேலே 50, முன்னால் 12 என்று இடம் விடுகிறோம். தரைக்கு அடியில் இரண்டு 12 மி.மீ. ரீப்பர்கள் முன்பின்னாக ஓடும். அறை அவற்றின் மேல் சறுக்கி உள்ளே போகும், தரைவிளக்கு ஒயர்களும் அந்த இடுக்கிலேயே பின்னால் வந்துவிடும். கூட்டினால் உறையின் உள் அகலம் 443, உள் உயரம் 312, உள் ஆழம் 316. அறை எவ்வளவு தூரம் முன்னால் போகலாம் என்பதை நிறுத்த, ரீப்பரின் முன் முனையில் 12 மி.மீ. கட்டை ஒன்று. பின்னால் ஆடாமல் இருக்க, பின்பலகையின் உள்பக்கம் 40 மி.மீ. கட்டைகள் இரண்டு. பின்பலகையை மூடும்போது அவை அறையை முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

பின்பலகைக்கு ஆறு ஸ்க்ரூ போதும். எம்டிஎஃபின் விளிம்பில் நேரடியாக ஸ்க்ரூ போடாதீர்கள். நாலு தடவை கழற்றி மாட்டினால் விளிம்பு பிளந்து ஸ்க்ரூ பிடிக்காது. உள் மூலைகளில் 15 மி.மீ. மரரீப்பர் ஒட்டி அதில் இறக்குங்கள். குறுகிய பக்கத்தில் 25 மி.மீ. இடம் இருப்பதால் அறையை உருவும்போது இடிக்காது.

கண்ணாடியைத் தாங்கும் முன் சட்டத்தில்தான் கணக்கு அதிகம் தப்புகிறது. கண்ணாடிக்கும் அறையின் முன்விளிம்புக்கும் நடுவே 12 மி.மீ. இருக்கிறது. ஒருவர் பக்கவாட்டில் 45 பாகையில் நின்று எட்டிப் பார்த்தால், அவர் பார்வை அந்த 12 மி.மீ. ஆழத்தைக் கடக்கும்போது பக்கவாட்டிலும் 12 மி.மீ. நகர்ந்துவிடும். சட்டம் அறைச்சுவரை 5 மி.மீ. மட்டும் மறைத்திருந்தால் சுவரின் வெட்டுவிளிம்பும் அதற்கு அப்பால் உள்ள ஒயர்களும் தெரியும். முன்னால் எவ்வளவு இடம் விடுகிறோமோ அவ்வளவுக்குச் சட்டம் ஒவ்வொரு பக்கமும் உள்ளே நீள வேண்டும். இந்த அறைக்குச் சட்டத்தின் திறப்பு 336×216. 'இவ்வளவு மறைகிறதே' என்று தோன்றும். தோன்றட்டும். அந்த 12 மி.மீ. மறைவுக்குப் பின்னால்தான் 8 மி.மீ. அகல எல்இடி பட்டை ஒளிந்துகொள்ளப் போகிறது.

பிளைவுட் சுவரில் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், பசை காயும்போது தாள் சுருங்கிச் சுவரை வளைக்கும். பின்பக்கமும் ஏதாவது ஒரு சாதாரணத் தாளை அதே பசையால் ஒட்டுங்கள். வளைந்த சுவரை நிமிர்த்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கூரையை ஒட்டாதீர்கள். அது சுவர்களின் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் வரும் கார்னிஸ் பட்டையைச் சுவரில் ஒட்டாமல் கூரையின் அடிப்பக்கம் ஒட்டிவிட்டால், கூரை தன் இடத்தில் சரியாக அமரும், மூலையில் வெளிச்சம் கசிவதும் நிற்கும், தூக்கினால் கார்னிஸோடு சேர்ந்தே வரும். தொங்குவிளக்கு பழுதானால் கூரையோடு கையில் எடுத்துக்கொண்டு மேசையில் வைத்து வேலை பார்க்கலாம்.

துளை எப்போது போடுவது

சுவர்களை ஒட்டுவதற்கு முன்னால் டேப் போட்டு நிறுத்திப் பார்த்து, பெரிய சாமான்களை வைத்து, விளக்குகளின் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சோபாவுக்குப் பின்னால் வர வேண்டிய தரைவிளக்கின் துளை சோபாவின் காலடியில் வந்து நிற்பது சர்வசாதாரணம். துளையைத் தாள் ஒட்டும் முன்பே போட்டுவிட்டு, ஒட்டிக் காய்ந்தபின் ஊசியால் பின்னாலிருந்து குத்தி அடையாளம் கண்டு, முன்னாலிருந்து அதே அளவு பிட்டைக் கையால் சுழற்றித் திறக்கலாம். தாள் ஒட்டியபின் மெஷினால் துளைத்தால் தாள் சுருண்டு கிழியும்.

துளை 2 மி.மீ. விட்டம் போதும். அதற்குள் 1.5 மி.மீ. உள்விட்டமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகுங்கள். பழைய ஒயரை உருவிப் புதியதைக் கோக்கும்போது பிளைவுட்டின் சிலாம்பில் மாட்டாது. குழாயை வெட்டியதும் இரு முனைகளின் உள்விளிம்பையும் ஊசி அரத்தால் மழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எனாமல் ஒயரின் (காப்புப் பூச்சுள்ள மெல்லிய செம்பு ஒயரின்) பூச்சை அந்த விளிம்பு சுரண்டிவிடும். இரண்டு ஒயரும் பித்தளையைத் தொட்டால் ஷார்ட். மழுக்கியபின் முனையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

12 வோல்ட்டா, 5 வோல்ட்டா, பேட்டரியா

முதலில் ஒன்று: வீட்டு மின்சாரம் பெட்டிக்குள் வரவே கூடாது. அடாப்டர் சுவரில் இருக்கட்டும். பெட்டிக்குள் நுழைவது அதன் 12 வோல்ட் டிசி மட்டும். பின்பலகையில் 5.5×2.1 மி.மீ. டிசி சாக்கெட் ஒன்று பொருத்தினால் போதும்.

பழைய முறையில் கோதுமை மணி அளவுள்ள 12 வோல்ட் இழைபல்புகள் பயன்பட்டன. நிறம் அருமையாக இருக்கும், மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் எடுக்கும், சூடாகும், விளக்கின் தாள் மூடிகளைப் பழுப்பாக்கும், சில ஆயிரம் மணி நேரத்துக்குள் இழை அறும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்கு எல்இடியே நல்லது.

பட்டன் செல் இரண்டு மூன்று விளக்குள்ள குட்டிக் காட்சிக்குச் சரி. சிஆர்2032 என்ற பட்டன் செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. எட்டு விளக்குக்கு ஒரு சில நாள் மாலை தாங்கும், அதற்குள் மங்கிவிடும். யுஎஸ்பி 5 வோல்ட் வசதியானது. ஆனால் பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். பெட்டி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. பழுது என்று எண்ணி ஒயரையெல்லாம் பிரித்துப் பார்க்காதீர்கள். நான் சொல்வது 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். வெட்டி ஒட்டும் எல்இடி பட்டைகள் அந்த வோல்ட்டேஜில் எளிதாகக் கிடைக்கின்றன.

கணக்கு இது. வெள்ளை எல்இடி தனக்கு 3 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 9ஐ ஓம் எண்ணால் வகுத்தால் மின்னோட்டம். 1 கிலோ ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர், 2.2 கிலோ ஓமுக்கு 4, 4.7 கிலோ ஓமுக்கு 2, 10 கிலோ ஓமுக்கு 0.9. எல்லாவற்றுக்கும் கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

20 மில்லி ஆம்பியர் தாங்கும் என்று எல்இடியின் விவரத்தில் இருக்கும். அது உச்சவரம்பு, அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. 1:12 அறையில் மேசைவிளக்கு 9 மில்லி ஆம்பியரில் எரிந்தால் வெல்டிங் பொறி மாதிரி கண்ணைக் குத்தும். பெரும்பாலான அலங்கார விளக்குகளுக்கு 1 முதல் 3 மில்லி ஆம்பியர்தான் சரியாக இருக்கும். எந்த விளக்குக்கு எவ்வளவு என்பது அறை முழுதாக முடிந்து, சுவர் நிறமும் சாமானும் வந்தபிறகுதான் தெரியும். ஆகவே ரெசிஸ்டரை விளக்கோடு சேர்த்துப் பற்றவைத்துச் சுவருக்குள் தள்ளாமல், பின்னால் உள்ள பலகையில் வையுங்கள். பிறகு 4.7ஐ எடுத்துவிட்டு 10 போடுவது சுலபம்.

மூன்று எல்இடியைத் தொடராகக் கோத்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் மின்சாரம் மிச்சம்தான். ஒன்று போனால் மூன்றும் போகும், எது போனது என்றும் தெரியாது. ஒரே ரெசிஸ்டருக்குப் பின் பல எல்இடியை இணையாகப் போடுவது அதைவிட மோசம். ஒவ்வொன்றின் வோல்ட்டேஜும் சற்று வித்தியாசப்படுவதால் ஒன்று பிரகாசமாகவும் இன்னொன்று சோகையாகவும் எரியும். வெள்ளையோடு சிவப்பைச் சேர்த்துவிட்டால் 2 வோல்ட்டிலேயே எரியும் சிவப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள, வெள்ளை எரியவே எரியாது. ஒரு விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்பலகைக்குள் இருக்கும் சின்னப் பலகை

2.54 மி.மீ. துளை வரிசையுள்ள பெர்ஃப்போர்டில் (மின்பாகங்களைப் பற்றவைக்கும் பலகையில்) 70×30 மி.மீ. துண்டு ஒன்று போதும். ஒரு நீண்ட ஓரத்தில் பிளஸ் கம்பி, எதிர் ஓரத்தில் மைனஸ் கம்பி, இரண்டும் காப்பில்லாத செம்பு. பிளஸ் கம்பியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ரெசிஸ்டர் கிளம்பி, விளக்கின் பிளக் மாட்டும் இரண்டு ஊசி இணைப்பான் ஒன்றில் முடியும். அதன் மறு ஊசி மைனஸ் கம்பிக்கு. எட்டு விளக்குக்கு எட்டு ஜோடி, கூடவே சும்மா இரண்டு ஜோடி. பின்னால் ஒரு மெழுகுவத்தி சேர்க்க வேண்டும் என்று கட்டாயம் தோன்றும். ஒவ்வொரு ஜோடிக்கும் எண் எழுதி, அதே எண்ணை ஒயரின் முனையில் சுற்றிய காகித டேப்பிலும் எழுதுங்கள்.

அறையின் பின்சுவரில் இந்தப் பலகையைத் திருகிவிட்டால், உறையின் பின்பலகையைத் திறந்ததும் எல்லா இணைப்பும் கண்ணெதிரே. உறைக்கும் அறைக்கும் இடையே ஓடுவது இரண்டே ஒயர். அதிலும் ஒரு பிளக் வைத்தால் அறையை அப்படியே உருவிக் கொண்டுபோகலாம்.

சாக்கெட்டுக்கும் பலகைக்கும் நடுவே 500 மில்லி ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அடாப்டர் 1 ஆம்பியரை ஆட்சேபணையின்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தாளுக்கும் மரத்துக்கும் நடுவே ஷார்ட் ஆன ஒரு மெல்லிய ஒயருக்கு அவ்வளவு தேவையில்லை. இந்த அறையின் மொத்தத் தேவை இவ்வளவுதான்: மீட்டருக்கு 4.8 வாட் பட்டையில் முன்னால் 30 செ.மீ. போட்டால் 120 மில்லி ஆம்பியர், ஜன்னலுக்கு 15 செ.மீ. 60, எட்டு விளக்குக்கு அதிகபட்சம் 30. கூட்டினால் 210.

செம்புப் பட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டும் செம்பு டேப்பின் பசை பல வகைகளில் மின்சாரம் கடத்தாது. ஒரு பட்டையின் மேல் இன்னொன்றை ஒட்டி மூலை திருப்பினால் அன்றைக்கு எரியும், சில மாதத்தில் விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஈயம் வைத்தே ஆக வேண்டும். ஈயம் வைத்தால் மேடு, மேட்டின் மேல் சுவர்த்தாள், தாளில் வீக்கம். அதற்குப்பிறகும் பழுதைக் கண்டுபிடிக்க ஊசியால் சுவரைக் குத்திக்கொண்டு போக வேண்டும். ஏற்கெனவே ஒட்டி முடித்த பொம்மை வீட்டில், பின்பக்கம் இடமே இல்லாதபோது, அந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. புதிதாகக் கட்டும் ரூம் பாக்ஸுக்கு இல்லை.

தலைமுடி ஒயரில் ஈயம் வைப்பது

ஒயர் பற்றவைத்தே வரும் எஸ்எம்டி (கால்களில்லாத குட்டி) எல்இடிகளில் 0603 என்ற அளவு 1:12 வேலைக்குப் பொருத்தம். 1.6×0.8 மி.மீ. இருக்கும், மெழுகுவத்தி முனையிலும் உட்காரும். அதிலிருந்து வருவது 0.1 மி.மீ. எனாமல் ஒயர். பார்த்தால் வெறும் செம்புபோல் இருந்தாலும் மேலே பூச்சு உண்டு. அந்தப் பூச்சு போகாமல் ஈயம் பிடிக்காது. கத்தியால் சுரண்டினால் செம்பில் வெட்டு விழுந்து, மடங்கும் முதல் தடவையிலேயே அங்கே முறியும்.

சரியான முறை சூட்டில் எரிப்பது. சால்டரிங் அயர்னை 380 முதல் 400 பாகைக்கு (செல்சியஸ்) ஏற்றி, முனையில் ஈயத்தை உருக்கி ஒரு சின்னக் குமிழாக நிற்க வையுங்கள். ஒயரின் முனை 3 மி.மீ. அளவுக்கு அந்தக் குமிழுக்குள் இரண்டு மூன்று நொடி இருக்கட்டும். லேசாகப் புகை வரும், பூச்சு சுருங்கி விலகும், செம்பு நிறம் போய் வெள்ளியாகும். வெள்ளி ஆகாவிட்டால் பழைய ஈயத்தைத் துடைத்துவிட்டுப் புதிய குமிழில் மறுபடி. இந்தப் புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மற்ற இணைப்புகளுக்கு 330 பாகையே போதும். 0.6 அல்லது 0.8 மி.மீ. ஈயக்கம்பி, தேவையான இடத்தில் ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் கொஞ்சம்.

ஈயம் பூசிய முனையை 30 ஏடபிள்யூஜி ஒயரோடு (கால் மி.மீ. செம்புள்ள காப்பு ஒயர்) இணைத்து, அந்தத் தடித்த ஒயரைத்தான் பலகைக்குக் கொண்டுபோக வேண்டும். எனாமல் ஒயர் சுவரைத் தாண்டிய கையோடு முடிந்துவிடட்டும். பற்றவைக்கும் முன் சூட்டில் சுருங்கும் காப்புக் குழாயான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைக் கோக்க மறக்காதீர்கள், மறப்பீர்கள். இரண்டு ஒயரின் இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், ஸ்லீவ் நழுவினாலும் ஷார்ட் ஆகாது. இணைப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒயரைக் குளூ கன்னால் பின்சுவரில் பிடித்துவிடுங்கள். இழுவை அந்தப் பசையோடு நிற்கும், ஈயத்துக்குப் போகாது. அதற்கு அப்பால் 8 செ.மீ. ஒயர் சுருளாக மிச்சம் இருக்கட்டும்.

எந்த ஒயர் பிளஸ் என்று பார்க்க 3 வோல்ட் பட்டன் செல்லே போதும். 12 வோல்ட்டில் திருப்பித் திருப்பித் தொட்டுப் பார்க்காதீர்கள். பெரும்பாலான எல்இடிகள் தலைகீழாக 5 வோல்ட் வரை தாங்குவதற்குத்தான் உத்தரவாதம். இந்தச் சோதனையை விளக்கு கைக்கு வந்ததும் ஒருமுறை, பித்தளைத் தண்டுக்குள் ஒயரைக் கோத்ததும் ஒருமுறை, சுவரில் பொருத்தியதும் ஒருமுறை என்று செய்தால், எந்தப் படியில் தவறியது என்று தேட வேண்டியிருக்காது.

விளக்கைக் காந்தத்தால் கூரையில் நிறுத்தும் ஆசை பலருக்கு உண்டு. 3 மி.மீ. நியோடிமியம் காந்தம் இரண்டு, அவற்றின் வழியாகவே மின்சாரம். நல்ல யோசனைதான். ஆனால் காந்தத்தின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் காந்தசக்தி போய்விடும். சாதாரண வகைகள் 80 பாகைக்கு மேல் தாங்காது. காந்தத்துக்கு அடியில் செம்புத்தகடு வைத்து ஒயரைத் தகட்டில் பற்றவைத்து, ஆறியபின் காந்தத்தை அதன்மேல் ஒட்டவைக்க வேண்டும்.

வெளிச்சத்தின் நிறம், ஒளியும் இடம்

அறைக்குள் எரியும் பல்புகளுக்கு 2700 கெல்வின் எல்இடி (கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). எண்ணெய் விளக்கு, மெழுகுவத்திக்கு அதுவும் வெளுப்பாகத் தெரியும். எல்இடியின் முகத்தில் ஆரஞ்சு நிறக் கண்ணாடிப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தால் சுடரின் 1900 கெல்வின் பக்கம் வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே 5000 கெல்வினுக்கு மேல். வெளியே குளிர்ந்த வெளிச்சம், உள்ளே மஞ்சள் வெளிச்சம் என்று இருந்தால் 260 மி.மீ. ஆழமுள்ள அறைகூட நீண்டு தெரியும். எல்லாமே ஒரே வெள்ளையில் எரிந்தால் கடை அலமாரிதான்.

ஜன்னல் பட்டையை ஜன்னலை நோக்கித் திருப்பாதீர்கள். புள்ளி புள்ளியாக எல்இடிகள் தெரியும். உறையின் உள்சுவரில் வெள்ளை அட்டை ஒட்டி, பட்டையை ஜன்னலின் மேல்விளிம்புக்கு மேலே அந்த அட்டையைப் பார்க்க வையுங்கள். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். வெளிக்காட்சிப் படம் ஒட்டுவதானால் சற்று மங்கலாகவும் வெளுப்பாகவும் அச்சிடுங்கள். கூர்மையான படம் ஜன்னலில் ஒட்டிய போஸ்டராகத் தெரியும்.

முன்சட்டப் பட்டை அறையின் நடுத்தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். பின்சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டுவதாக இருந்தால் உஷார், அந்தப் பட்டை அப்படியே அதில் பிரதிபலிக்கும். கண்ணாடியின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் முன்னால் சாய்த்தால் பிரதிபலிப்பு தரையை நோக்கிப் போய்விடும். பட்டையைத் தனி டிம்மரில் வைப்பது நல்லது. மலிவான டிம்மர்கள் விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு மங்கவைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்போனில் வீடியோ எடுத்தால் கறுப்புக் கோடுகள் ஓடும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் டிம்மரே இல்லாமல், பட்டையை 5 செ.மீ. துண்டுகளாகக் குறைத்துப் பாருங்கள். மூன்று எல்இடிக்கு ஒருமுறை வெட்டும் இடம் அதில் குறித்திருக்கும்.

வெளிச்சக் கசிவையும் கவனிக்க வேண்டும். ரெசினில் வார்த்த அடுப்பு, பிளாஸ்டிக் விளக்குத் தண்டு, ஃபோம் போர்டு எல்லாம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். அடுப்பே நெருப்பாக ஜொலிக்கும். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி அல்லது வெள்ளை, வெளியே வேண்டிய நிறம். அலுமினியத் தாளை ஒயர்ப்பக்கம் ஒட்டி அடைக்காதீர்கள், அது மின்சாரம் கடத்தும். அடுப்புக் கங்குக்கு இரண்டு மஞ்சள்-ஆரஞ்சு, ஒரு சிவப்பு. மினுங்கும் எல்இடிகளுக்குள் ஒரு சிப் இருப்பதால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மினுங்காமல் நின்றுவிடலாம். அவற்றுக்கு மட்டும் 1 கிலோ ஓமிலிருந்து தொடங்குங்கள்.

எரியாதபோது பார்க்கும் வரிசை

எதுவுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா, பிறகு பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா. ஃபியூஸ் போயிருந்தால் புதியதைப் போடும் முன் எல்லா விளக்கின் பிளக்கையும் கழற்றி, போட்டபின் ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். ஷார்ட் ஆன விளக்கு எரியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் விளக்குக்குள் மட்டும் ஷார்ட் என்றால் ரெசிஸ்டர் காப்பாற்றிவிடும், ஃபியூஸ் போகாது. ஃபியூஸே போகிறது என்றால் குற்றம் ரெசிஸ்டருக்கு முந்திய பகுதியிலோ எல்இடி பட்டையிலோதான்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அதன் பிளக்கைக் கழற்றிப் பட்டன் செல்லைத் தொடவையுங்கள். எரிந்தால் குற்றம் பலகையில், எரியாவிட்டால் விளக்கில். தொட்டால் எரிந்து, கையை எடுத்தால் அணைவது எனாமல் முழுதாக எரியாத இணைப்பு. பளபளப்பில்லாமல் உருண்டையாக நிற்கும் ஈயத்தைக் கண்டால் அதை முதலில் சந்தேகப்படுங்கள். எல்லாம் ஒருசேர மங்கினால் அடாப்டர் அல்லது தளர்ந்த சாக்கெட்.

கண்ணாடி போடும் முன் இரண்டு விஷயம். அறைக்குள் சூப்பர் குளூ பயன்படுத்தியிருந்தால் நாலைந்து நாள் திறந்தே வையுங்கள். அதன் ஆவி மூடிய பெட்டியில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் படலமாகப் படியும், பளபளப்பான சாமான்களையும் விடாது. புளிப்பாக வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கோனைச் செம்பு இணைப்புகளுக்கு அருகே பூசாதீர்கள். உலரும்போது வெளியேறும் அமிலம் செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். சாமான்களை நிறுத்த, பொருளைச் சேதப்படுத்தாமல் எடுக்க வரும் மெழுகு போதும்.

முன்னால் 2 மி.மீ. கண்ணாடியா 3 மி.மீ. அக்ரிலிக்கா என்றால், இடம்மாற்றாத பெட்டிக்குக் கண்ணாடி, தூக்கிக்கொண்டு போகும் பெட்டிக்கு அக்ரிலிக். அக்ரிலிக் தூசியை இழுக்கும், கீறும், ஆல்கஹாலோ அம்மோனியாவோ உள்ள திரவம் பட்டால் நுண்வெடிப்பு விடும். ஈரத்துணியால் துடைப்பது போதும். எதைப் போட்டாலும் பள்ளத்தில் மேலிருந்து இறக்கி எடுக்கும்படி வையுங்கள். உறையின் பின்பலகையில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று 6 மி.மீ. காற்றுத் துளைகள் போட்டு உள்பக்கம் மெல்லிய வலைத்துணி ஒட்டினால் இரண்டரை வாட் சூட்டுக்கு அது தாராளம். பின்பலகையின் உள்பக்கத்தில் விளக்கு எண், இடம், ரெசிஸ்டர் மதிப்பு, அடாப்டர் வோல்ட்டேஜ் நான்கையும் எழுதி ஒட்டிவிட்டு ஆறு ஸ்க்ரூவையும் முடுக்குங்கள்.